ரெண்டு கட்டைவிரல் அளவு

கால கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. பெட்டியில இடிக்கு. மீனா? மீன் இல்ல. ஐஸ் குச்சியும் இல்ல. ஏறும்போது கண்டக்டரும் இதேதான் கேட்டான். "மீன்னா பின்னால கொண்டு போங்க, சனங்க சத்தம் போடும்"னான். சர்க்கார் சாமான் தம்பின்னேன். அப்படி என்ன சர்க்கார் சாமான்னான். காதுல சொன்னேன். அதுக்கப்புறம் நம்ம சீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. டிக்கெட்டக்கூட முன்னால இருக்க அந்த அம்மா கையில குடுத்துத்தான் விட்டான்.

உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. படிச்சவுக மாதிரி தெரியுது. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிர மாட்டியளே? இது என் தங்கச்சி மவளோட மலம். பதறாதிய, பதறாதிய. டப்பாவுல போட்டு, மூடிய முறுக்கி, பிளாஸ்டிக் பையில கட்டி, சுத்திவர ஐஸ் வச்சு, மேல சீல் ஒட்டியிருக்கு. ஒரு பொட்டு வாடை வெளிய வராது. வந்தா என்னையக் கேளுங்க. நாலு மணிக்குள்ள திருநவேலி ஆபீசுல ஒப்படைக்கணும். அங்கருந்து ரயில்ல மெட்ராசு. ஐஸ் உருகிட்டா அம்புட்டும் வீண். மறுபடி எடுக்கணும்னா, அந்தப் பிள்ளைகிட்ட மறுபடி எடுக்கணும்னா... வேண்டாம், அத நெனைக்கவே வேண்டாம்.

ஆஸ்பத்திரி ஜீப்பு ரிப்பேரு. கொண்டு போக வேண்டிய ஆளு மச்சினி கல்யாணத்துக்குப் போயிட்டாரு. டாக்டர் தம்பி சுத்திமுத்திப் பாத்துட்டு, "உச்சிமாகாளி, உம்ம விட்டா எனக்கு வேற ஆளு இல்ல"ன்னாரு. நம்மள நம்பி ஒருத்தர் அப்படிச் சொல்லும்போது மாட்டேன்னு சொல்ல முடியுமா?

எம் பேரு உச்சிமாகாளி. மேலச்செவக்காடு தொடக்கப் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். போலியோ சொட்டு மருந்து போடுத அன்னைக்கு எங்க ஊரு முகாமுக்கு நாந்தான் பொறுப்பு. பதினோரு வருசமா. பதினோரு வருசமும் நூத்துக்கு நூறு. ஊருல அஞ்சு வயசுக்குள்ள நூத்தி நாப்பத்தி மூணு பிள்ளைன்னா, நூத்தி நாப்பத்தி மூணுக்கும் மருந்து உள்ள போயிருக்கும். பக்கத்து ஊருல என்னைக்காவது நூறு வந்திருக்கான்னு கேட்டுப் பாருங்க. அஞ்சு விடும், ஆறு விடும். கூட்டத்துல என் பேரச் சொல்லிக் கைதட்டுவாவ. அது எனக்குப் பெருசில்ல, இருந்தாலும் தட்டுவாவ.

எங்கிட்ட வாய மூடிக்கிட்டு தப்பிச்ச பிள்ளை கெடயாது. கன்னத்த ரெண்டு விரலால லேசா ஒரு அமுக்கு. உதடு கோழிக்குஞ்சு மாதிரி விரியும். ரெண்டு சொட்டு. இடது கை சுண்டு விரல்ல மை. முடிஞ்சுது. ஞாயித்துக்கெழம முகாம், திங்க செவ்வா வீடு வீடாப் போகணும். வராத பிள்ளைய வீட்டுலயே பிடிச்சு ஊத்தணும். ஊத்தியாச்சுன்னா கதவுக்குப் பக்கத்துச் செவுத்துல சாக்பீசால முடிஞ்ச குறி. பிள்ளை விட்டுப் போச்சுன்னா பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட வீட்டுக்கு மேலதிகாரி வந்து ஏன் என்னன்னு கேப்பாரு. எங்க ஊருல பதினோரு வருசமா ஒரு செவுத்துலயும் பெருக்கல் குறி விழுந்ததில்ல.

இவ்வளவு செய்தவனுக்கு வீட்டுல என்ன மரியாதை தெரியுமா? அதச் சொல்லணும் உங்ககிட்ட.

எனக்கு ஒரே தங்கச்சி, பூமாரி. உள்ளூருலயே கட்டிக் குடுத்தேன். மாப்ள சங்கிலி, கொத்தனாரு. நல்ல வேலைக்காரன்தான், அதுல ஒண்ணும் சொல்லுததுக்கில்ல. அவங்களுக்கு ஒரு பொட்டப் பிள்ளை. மதுபாலான்னு பேரு வச்சாவ. எங்கம்மா பேர வைங்கன்னு சொன்னேன், காதுல வாங்கல. சரி போகட்டும். பத்தாவது மாசம் காது குத்து. காது குத்துன்னா தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? உலகத்துக்கே தெரியும். சீர்த்தட்டு, பட்டுப் பாவாடை, தோடு எல்லாம் நான் வாங்கி வச்சாச்சு. அவங்க நாள் குறிச்சது எந்த ஞாயித்துக்கெழமங்கிய? சொட்டு மருந்து முகாம் நடக்கிற ஞாயித்துக்கெழம!

மாத்துங்கன்னேன். அய்யரு அந்த நாளத்தான் குறிச்சாருன்னாவ. சரி, பத்துலருந்து பதினொன்றரை வரைக்கும் நல்ல நேரம், அதுக்குள்ள வந்திருதேன்னேன். ஆனா முகாமுல கூட்டம். கீழத்தெருப் பிள்ளைக இருபதும் ஒண்ணா வந்திட்டு. பெட்டிய வேற ஆளுகிட்ட விட்டுட்டு வர முடியுமா? ஒரு பிள்ளை விட்டுப் போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? முடிச்சிட்டு ஓட்டமா ஓடுதேன், பன்னெண்டு அடிக்குது. அங்க குத்தியாச்சு. எம் பெரியப்பா மவன் குருநாதன் மடியில வச்சுக் குத்தியாச்சு! அவன் பக்கத்து ஊருல தேங்கா யாவாரம் பாக்கான். பந்திக்கு வந்தவனைப் பிடிச்சு மடியக் குடுன்னு கேட்டிருக்காவ. அவனும் குடுத்திட்டான். நான் வாசல்ல ஒரு கையில ஐஸ் பெட்டி, ஒரு கையில சீர்த்தட்டோட நிக்கேன். பிள்ளை அழுதுகிட்டு அவன் மடியில இருந்து என்னையப் பாக்கு.

சீர்த்தட்ட எறக்கி வச்சிட்டு அப்படியே திரும்பிட்டேன். இந்த வீட்டுப் படிய இனிமே மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான். எனக்கு நாக்கு ஒண்ணு.

மறுநாள் திங்கக்கெழம வீடு வீடாப் போறேன். பூமாரி வீடு வருது. படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் எப்படி ஏறுதது? அதுக்காக வேலைய விட முடியுமா? தெருவுல நின்னே கைய நீட்டி, செவுத்துல முடிஞ்ச குறியப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். நேத்து காது குத்துக்கு வந்த சனத்துல எவளாவது பிள்ளையத் தூக்கிட்டு முகாமுக்குப் போயிருப்பா, தாயி ஒருத்தி இருக்காளே, விட்டுருவாளான்னு நெனச்சேன். நோட்டுல ஒரு டிக். இல்லன்னா நூத்தி நாப்பத்தி ரெண்டு ஆயிரும் பாத்துக்கிடுங்க.

அடுத்த மாசம் ரெண்டாவது சுத்து. அப்பவும் தெருவுல நின்னு குறி. அடுத்த வருசமும் ரெண்டு சுத்து, அதுக்கும் அப்படித்தான். நடுவுல எங்க சத்துணவுச் சமையல்காரி பேச்சியம்மா ஒரு சேதி சொன்னா. பூமாரி சொல்லுதாளாம், "எங்கண்ணன் படி ஏறி வந்து எம் பிள்ளை வாயில ஊத்தட்டும். அதுவரைக்கும் நான் முகாமுக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன்." கேட்டியளா அண்ணாச்சி! பொம்பளைக்கு இம்புட்டு வீம்பு ஆகுமா? எங்க வீட்டுல யாருக்கும் இப்படி வீம்பு கெடயாது. எங்கருந்து வந்துச்சோ தெரியல.

என்ன அப்படிப் பாக்கிய? அதான் குறி போட்டேன்னு சொன்னேன்ல.

சரி கேளுங்க. இந்த ஆடி மாசம். பிள்ளைக்கு இப்போ ரெண்டரை வயசு. ரெண்டு நாள் காய்ச்சலாம். மூணாம் நாள் காலையில எந்திரிச்சு நிக்கப் போனவ நிக்கல. இடது காலு துணி மாதிரி துவண்டு போச்சு. பூமாரி மாமியாரு, இது கோயில்கொடையில சாமியாடுததப் பாத்துப் பயந்த பயமுன்னு சொல்லி பூசாரிகிட்ட தூக்கிட்டுப் போயிருக்கா. அவரு அஞ்சு நாளு தண்ணி தெளிச்சாரு. பிள்ளைக்குச் சளி பிடிச்சதுதான் மிச்சம்.

கால் விழுந்த அஞ்சாம் நாளு பேச்சியம்மா எங்கிட்ட சொன்னா. "அய்யா, உங்க மருமவ நிக்க மாட்டேங்கா." எனக்குத் திக்குன்னு ஆச்சு. பதினோரு வருசம் பயிற்சிக் கூட்டத்துக்குப் போனவன் நான். பதினஞ்சு வயசுக்குக் கீழ எந்தப் பிள்ளைக்குக் கையோ காலோ திடீர்னு துவண்டாலும் அன்னைக்கே சொல்லணும். அது எனக்கு மனப்பாடம். ஆனா தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லி விட வேண்டாமா? அண்ணே, பிள்ளைக்கு இப்படி இருக்கு, வந்து பாருன்னு. கூப்பிடாத வீட்டுக்குப் போறது எப்படி? ரெண்டு நாளு பாத்தேன். சொல்லி விடுவா, சொல்லி விடுவான்னு. சோறு எறங்கல. அவ சொல்லி விடல. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க.

எட்டாம் நாளு கிராம நர்ஸ் எஸ்தரம்மா எதுக்கோ அந்தத் தெருவுக்குப் போனவுக பிள்ளையப் பாத்துட்டாவ. அடுத்த ஒரு மணி நேரத்துல டாக்டர் தம்பி பைக்குல வந்து எறங்கிட்டாரு. என்னையும் கூப்பிட்டு விட்டாரு, நோட்டோட. அதிகாரி கூப்பிட்டா போய்த்தான ஆகணும்? அது உறவுமுறையில சேராது. படிய மிதிச்சேன். கணக்குக்கு அது சர்க்கார் காலு.

பிள்ளை பாயில கெடக்கு. என்னையப் பாத்ததும் சிரிச்சுச்சு அண்ணாச்சி. ரெண்டு வருசமா நான் அந்த வீட்டுக்குப் போகல. நான் யாருன்னு யாரு சொல்லிக் குடுத்தாவளோ, "மாமா"ன்னுச்சு. கண்ணுல தூசி விழுந்த மாதிரி துண்டால தொடச்சுக்கிட்டேன்.

டாக்டர் தம்பி ஒண்ணு ஒண்ணாக் கேட்டாரு. காய்ச்சல் எப்போ? காலு ஒரே நாள்ல விழுந்துச்சா, மெள்ள மெள்ள விழுந்துச்சா? ஒரு காலா, ரெண்டு காலா? காய்ச்சலுக்கு இடுப்புல ஊசி ஏதும் போட்டியளா? அப்புறம் ரப்பர் சுத்தியல் ஒண்ண எடுத்து முட்டிக்குக் கீழ தட்டுனாரு. வலது காலு டக்குனு குதிச்சுது. இடது காலு சும்மா கெடந்துச்சு. உள்ளங்காலுல விரலால கோடு போட்டாரு. பிள்ளை கெக்கெக்கேன்னு சிரிக்கா. "கூச்சம் தெரியுது, பலம்தான் இல்ல"ன்னாரு.

"போலியோவா சார்?"னு கேட்டேன். "பாத்துச் சொல்ல முடியாது. வேற காரணத்துலயும் இப்படி வரும். போலியோ இல்லன்னு பரிசோதனையில தெரியணும். அந்தக் கிருமி குடல்லதான் குடியிருக்கு, அதனால மலத்துல பாத்தாத்தான் தெரியும். ரெண்டு தடவை எடுக்கணும், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி வேணும். கால் விழுந்து பதினாலு நாளுக்குள்ள எடுத்தாகணும்"னாரு. இன்னைக்குப் பதிமூணு.

மாப்ள கேட்டான், "சாமி குத்தம் இல்லயா சார்?" டாக்டர் தம்பிக்குக் கோவமே வராது. "சாமிக்கு இதுல சம்பந்தமே இல்ல. ஒரு பிள்ளையோட கழிவுல இருந்து கிருமி வெளிய வருது. தண்ணியில கலக்குது, கையில ஒட்டுது, கழுவாத கை வாய்க்குப் போகுது. அவ்வளவுதான் வழி. இன்னொண்ணு கேளுங்க. நூறு பிள்ளைக்குக் கிருமி வந்தா ஒரு பிள்ளைக்குக் கால் விழுந்தாலே அதிகம். மத்ததெல்லாம் ஓடியாடி விளையாடிக்கிட்டே கிருமிய ஊருக்குள்ள விட்டுக்கிட்டு இருக்கும்"னாரு. எங்க ஊரு வாய்க்காக் கரையில காலையில சனங்க எதுக்குப் போவாவன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அதே வாய்க்காலுல பத்து அடி தள்ளிப் பிள்ளைக குளிக்கும். அன்னையிலருந்து நான் கை கழுவுத கழுவுல ரேகை அழிஞ்சிரும் போல இருக்கு.

"மருந்து குடுத்துக் கால எழுப்பிருங்க சார்"னு பூமாரி அவரு கையப் பிடிச்சா. "போலியோவுல விழுந்த கால எழுப்ப மருந்து இல்லம்மா. விழாம பாக்கத்தான் மருந்து இருக்கு. அந்த ரெண்டு சொட்டுத்தான்"னாரு. நான் நோட்ட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுக்கூரையப் பாத்தேன். கூரையில நாலு ஓடு மாத்தணும்.

மொதத் தடவை சுலபமாத்தான் வந்துச்சு. மறுநாள் காலையில. எஸ்தரம்மா டப்பாவோட வந்து நின்னாவ. "எம்புட்டு வேணும்?"னு மாப்ள கேட்டான். "ரெண்டு கட்டைவிரல் அளவு"ன்னாவ. அவன் கொத்தனாரு பாத்துக்கிடுங்க, அளவுன்னு வந்துட்டா விட மாட்டான். "யாரு கட்டைவிரலு?"ன்னான். எஸ்தரம்மா முழிக்காவ. அவன் விரல நீட்டுனான். கரண்டி பிடிச்சுப் பிடிச்சு, கல்லத் தூக்கித் தூக்கி, முருங்கக்கா முத்துன மாதிரி இருக்கு. அப்புறம் எம் பக்கம் திரும்பி, "மச்சான், உங்க விரல நீட்டுங்க"ன்னான். ரெண்டு வருசத்துல அவன் எங்கிட்டப் பேசுன மொத வார்த்தை. நீட்டுனேன். ரெண்டு பேரும் விரல ஒட்டி வச்சு அளந்து பாக்கோம். "உங்களது ரொம்ப ஒல்லி. உங்க விரலுன்னா மூணு வேணும்"னான். "உம்ம விரலுன்னா ஒண்ணு போதும் வே"ன்னேன். எஸ்தரம்மாவுக்குச் சிரிப்ப அடக்க முடியல. "யாரு விரலும் வேண்டாம், எம் விரல வச்சு அளந்துக்கிடுதேன், எல்லாரும் வெளிய போங்க"ன்னாவ.

ரெண்டாவதுக்குத்தான் உசுரு போச்சு. மறுநாள் வரல. அதுக்கடுத்த ரெண்டு நாளும் வரல. பேயன் பழம் குடுத்தோம், பப்பாளி குடுத்தோம், கருப்பட்டித் தண்ணி குடுத்தோம். வீட்டுல எல்லாரு கண்ணும் பிள்ளைக்குப் பின்னாலயே இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பொம்பளைக அடுப்ப அணச்சுப் போட்டுட்டு வந்து நிக்காவ. "வந்துட்டா?" "இன்னும் இல்ல." தெருவுல போறவன் சைக்கிள நிறுத்திக் கேக்கான், "வந்துட்டா?" பால்காரரு கேக்காரு. பஞ்சாயத்துத் தலைவரு ஆள் விட்டுக் கேக்காரு. அந்தப் பிள்ளை லேசுப்பட்டவ இல்ல அண்ணாச்சி. சட்டியில உக்கார வச்சா ஒரு மிட்டாய் கெடைக்கும்னு ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சிட்டா. உக்காருவா, மிட்டாய வாங்குவா, "வல்ல"ம்பா. எறக்குங்கம்பா. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே, "சட்டி"ம்பா. ஓடுவோம். மிட்டாய். "வல்ல." மாப்ள அவ காலடியில உக்காந்து, "எந்தாயி, அப்பனுக்காக ஒரு தடவ"ன்னு கெஞ்சுதான். அவன் எந்தக் கட்டட வேலைக்கும் இப்படி யாருகிட்டயும் கெஞ்சுனதில்ல.

நான்தான் சனத்த வெரட்டுனேன். ஆளாளுக்குச் சுத்தி நின்னு பாத்தா யாருக்குத்தான் வரும்? உங்களுக்கு வருமா? சரி, கேட்டது தப்புத்தான், விடுங்க.

ஒண்ணு கவனிச்சியளா? அந்த நாளெல்லாம் நான் அந்த வீட்டுலதான் இருந்தேன். சர்க்கார் வேலையாத்தான். சாப்பாடு அங்கதான். பூமாரி தட்டு வைப்பா, எம் முகத்தப் பாக்க மாட்டா. "சோறு போடவா"ன்னு செவுத்தப் பாத்துக் கேப்பா. நானும் செவுத்துகிட்டதான் "போதும்"னு சொல்லுவேன்.

இன்னைக்குக் காலையில ஏழு மணி இருக்கும். பிள்ளைக்கு எங்கயாவது தூக்கிட்டுப் போகணும்னு அடம். நடக்க முடியாதுல்ல. நான் தூக்கி எம் மடியில வச்சுக்கிட்டேன். மீசையப் பிடிச்சு இழுக்கா. காக்கா கதை ஒண்ண எடுத்து விட்டேன். காக்கா பறந்து மரத்துல உக்காந்துச்சு, உக்காந்து என்ன செஞ்சுச்சுன்னு கேக்கேன், பிள்ளை ஒண்ணும் பேசல. மூஞ்சி செவக்குது. தொடையில சூடாத் தெரிஞ்சுது. புது வேட்டி அண்ணாச்சி. டாக்டர் வருவாருன்னு மடிப்புக் கலையாம கட்டியிருந்தேன்.

"எஸ்தரம்மா!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவுக பாஞ்சு வந்தாவ. "அசையாதிய அண்ணே! மூச்சுக்கூட விடாதிய!" கற்சிலை மாதிரி இருந்தேன். அவுக குட்டிக் கரண்டியால அள்ளி அள்ளி டப்பாவுல போடுதாவ. மாப்ள கட்டைவிரல டப்பாவுக்குப் பக்கத்துல வச்சு, "அளவு சரியா இருக்கு, அளவு சரியா இருக்கு"ங்கான். பூமாரி மாமியாரு குலவை போட்டுட்டா! தெருவே கூடிப் போச்சு. நான் மடிய விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்குப் பெருமை தாங்கல. தாய்மாமன் மடின்னா இதுதான! குருநாதன் மடியில தோடு போட்டுக்கிட்டா, சரி. இத அங்க செஞ்சாளா?

அப்புறம் டாக்டர் தம்பி வந்தாரு. மொதல்ல எடுத்த டப்பாவையும் சேத்து வச்சு, பெட்டியில ஐஸ் அடுக்குனாரு, சீல் ஒட்டுனாரு. கூட அனுப்புததுக்கு ஒரு தாளு இருக்கு, அத நிரப்புனாரு. பேரு, வயசு, கால் விழுந்த தேதி. "சொட்டு மருந்து எத்தனை தடவை போட்டிருக்கு?"ன்னாரு. பொறந்தப்ப ஒண்ணு, அப்புறம் எஸ்தரம்மா ஊசியோட போட்டது மூணு. அந்த நாலுக்கும் அட்டை இருக்கு. "முகாமுல?"ன்னாரு. நான் நோட்ட விரிச்சேன். நாலு சுத்து, நாலு டிக். "நோட்டு இருக்கட்டும். நீங்க சொல்லுங்கம்மா"ன்னு பூமாரி பக்கம் திரும்பிட்டாரு.

பூமாரி தொட்டிப் பக்கத்துல எம் வேட்டியத் துவைச்சுக்கிட்டு இருந்தா. திரும்பல. "ஆமா சார். எங்கண்ணன் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கே வந்து போட்டாவ. ஒரு தடவ கூட விட்டதில்ல"ன்னா. அப்படியே சோப்பப் போட்டுக் கும்மு கும்முன்னு கும்முதா.

மாப்ள என்னையப் பாத்தான், தரையப் பாத்தான். டாக்டர் தம்பி எட்டுன்னு எழுதுனாரு. "எட்டு தடவைன்னா நல்லாப் போட்ட பிள்ளைதான். குறைச்சலா இருந்திருந்தா, முடிவு வர்றதுக்கு முன்னாலயே ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் உடனே இன்னொரு தடவை போடணும்னு மேல கேட்டிருப்பேன். நூத்துக்கு நூறு ஊரு வேற. முடிவு வரட்டும், பாப்போம்"னாரு. எம் முதுகுல வேற தட்டுனாரு.

எனக்கு மொதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு. பாத்தியளா, என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவ, அண்ணன் மானத்தக் காப்பாத்திட்டான்னு. பஸ்சுல ஏறி உக்காந்து உங்ககிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டே வாறேன். வாய் பேசுது, மனசு அந்த எட்டுல போயி உக்காந்திருக்கு. எறங்க மாட்டேங்குது.

கேக்கிய, உங்க பார்வையிலயே கேக்கிய. நீரு ஊத்தவே இல்லயான்னு. ஊத்தல. நாலு தடவையும் ஊத்தல. பூமாரி ஊத்த விடலன்னு சொல்லலாம்னு பாத்தா, நான் படியே ஏறலயே. அவ வாசல்ல பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் நின்னா. நாலு தடவையும் நின்னா. இத இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. நான் செவுத்த மட்டும் பாத்துக் குறி போட்டேன். ஒரு தடவ சாக்பீசு கீழ விழுந்துட்டு. பிள்ளைதான் எடுத்துக் குடுத்துச்சு. அதுக்கப்புறமும் போட்டேன் அண்ணாச்சி.

இந்தப் பிள்ளைக்கு முடிவு எப்படி வரும்னு தெரியாது. இன்னைக்குக் காலையில பெருவிரல் ஒரு ஆட்டம் ஆடுச்சு, டாக்டர் தம்பியும் பாத்தாரு. அறுபது நாளு கழிச்சு மறுபடி வந்து பாப்பாராம். நடக்கும்னுதான் எம் மனசு சொல்லுது. இல்லன்னா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல. ஆனா மத்த நூத்தி நாப்பத்தி ரெண்டு பிள்ளை வாய்க்காலுல குளிச்சுக்கிட்டு இருக்கே. அதுக எல்லாத்துக்கும் நான் சரியா ஊத்தியிருக்கேன், சத்தியமா. ஆடு மேய்க்கிற கெடைக்காரன் ஒருத்தன் பிள்ளைக்கு ஒரு வருசம் விட்டுப் போச்சு, வெளியூரு போயிட்டான், அதுக்கு ஒரு டிக் போட்டேன். மேலத்தெருவுல ஒரு இரட்டைப் பிள்ளை, ஒண்ணுக்கு ரெண்டு தடவை ஊத்திட்டனோன்னு ஒரு சந்தேகம் உண்டு. அவ்வளவுதான். அதையும் சொல்லிர வேண்டியதுதான்.

பேனா இருக்கா அண்ணாச்சி? சட்டைப் பையில தெரியுதே, அதக் குடுங்க. தாளு இந்தக் கவர்ல இருக்கு, ஒட்டல. கைதட்டல் போனாப் போகுது. முகாமுப் பொறுப்பப் பேச்சியம்மாகிட்ட குடுக்கட்டும், அவளுக்கும் கன்னத்த அமுக்கத் தெரியும். எட்ட அடிச்சு விட்டு நாலுன்னு எழுதுதேன். பக்கத்துல எம் கையெழுத்து. அடியில ஒரு வரி எழுதிருதேன், பஸ்சு ஆட்டுது, கொஞ்சம் இந்தத் தாளோட மூலையப் பிடிங்க. "நாலு முகாமிலும் இந்தக் குழந்தைக்கு மருந்து கொடுக்கவில்லை. கொடுத்ததாகக் குறி போட்டது நான். ஊர்க் குழந்தைகளுக்கு உடனே மறுபடி போடவும்."

தங்கச்சி சொன்னதையும் எழுதணும்ல? டாக்டர் தம்பிகிட்ட அவதான எட்டுன்னு சொன்னா. நாளைக்கு அவளக் கூப்பிட்டு ஏம்மா பொய் சொன்னன்னு கேப்பாவளே. இருங்க, இதையும் சேத்துக்கிடுதேன். "எட்டு என்று சொன்னதும் நான்தான். குழந்தையின் தாய் அப்போது வேட்டி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயே திறக்கவில்லை."